ஒரே கோடையில் காட்டுத்தீயும் கருக்கலைப்பும்: ஒரு அமெரிக்க உறுப்பினரால் எது முடிந்தது, எது முடியவில்லை

கேள்வி இதுதான்: "நியூ மெக்சிகோவின் தெரேசா லெஜர் பெர்னாண்டஸ் ஒரு பக்கம் கருக்கலைப்பு உரிமைக்காகப் பேசுகிறார், இன்னொரு பக்கம் காட்டுத்தீ நிவாரணத்துக்காகப் பேசுகிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? 435 பேர் உட்கார்ந்திருக்கும் பிரதிநிதிகள் சபையில் ஒருத்தர் பேசி என்னதான் நடந்துவிடும்?"

இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. தீ விஷயத்தில் நிறையவே நடந்தது. அவர் கொண்டுவந்த மசோதா சட்டமாகி, மூன்று தவணையாக மொத்தம் 545 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கருக்கலைப்பு விஷயத்தில் அவர் ஆதரித்த மசோதா பிரதிநிதிகள் சபையில் இரண்டு முறை ஜெயித்தும் சட்டமாகவில்லை. அதே உறுப்பினர், அதே சபை, கிட்டத்தட்ட அதே மாதங்கள். ஒன்று ஏன் கரையேறியது, இன்னொன்று ஏன் மூழ்கியது என்று பார்த்தால் அந்த நாட்டுச் சட்டமன்றம் எப்படி வேலை செய்கிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2020 தேர்தலில் வென்று 2021 ஜனவரியில் பதவியேற்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர். தொகுதி நியூ மெக்சிகோவின் மூன்றாவது தொகுதி, மாநிலத்தின் வடக்கும் கிழக்கும். அந்தத் தொகுதியிலிருந்து போன முதல் பெண் இவர்தான். அதற்கு முன்னால் முப்பது வருடம் போல வழக்கறிஞர், பழங்குடி அரசுகளுக்காக நிறைய வாதாடியவர். சொந்த ஊர் லாஸ் வேகஸ். சூதாட்ட விடுதிகள் இருக்கும் நெவாடா ஊர் வேறு, இது நியூ மெக்சிகோ மலையடிவாரத்தில் இருக்கும் சிறிய பழைய ஊர், மக்கள்தொகை சுமார் 13 ஆயிரம்தான். இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தீ வந்தது இதன் வாசல் வரைக்கும்.

2022 ஏப்ரல் 6. சான்டா ஃபே தேசிய வனத்தில், ஹெர்மிட்ஸ் பீக் என்ற மலைக்குப் பக்கத்தில், அமெரிக்க வனத்துறை தானே ஒரு தீயை வைத்தது. அதில் தவறான எண்ணம் எதுவும் கிடையாது. காட்டில் காய்ந்த சருகும் சுள்ளியும் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பின்னால் பெருந்தீ வரும், அதனால் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே எரித்துவிடுவது அங்கே வழக்கமான முறை, நல்ல முறையும்கூட. ஆனால் அன்றைக்கு அது கைமீறிவிட்டது. வனத்துறையே பிறகு வெளியிட்ட ஆய்வறிக்கை, காடு எவ்வளவு காய்ந்து கிடந்தது என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று ஒத்துக்கொண்டது. இது போதாதென்று இன்னொன்று: அந்த ஜனவரியில் வெட்டிக் குவித்திருந்த மரக்கழிவுக் குவியல்களுக்கும் வனத்துறை தீ வைத்திருந்தது. அணைந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். மேலே பனி பெய்து மூடிய பிறகும் அடியில் கனன்றுகொண்டே இருந்து, ஏப்ரலில் காற்று வீசியபோது வெளியே வந்தது. அதற்குக் காஃப் கேன்யன் தீ என்று பெயர். ஏப்ரல் 22 அன்று பெருங்காற்றில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆகஸ்ட் வரைக்கும் எரிந்தது. 3,41,000 ஏக்கருக்கு மேல், அந்த மாநிலத்தின் பதிவான வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீ. சுமார் 900 கட்டடங்கள் போயின. ஜூலையில் மழை வந்தபோது எரிந்த மலைச்சரிவில் தண்ணீரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் வெள்ளம் வந்து மூன்று பேர் இறந்தார்கள். லாஸ் வேகஸ் ஊருக்குக் குடிநீர் தரும் கயினாஸ் ஆற்றில் சாம்பலும் சேறும் கலந்து, சுத்திகரிப்பு நிலையத்தால் சமாளிக்க முடியாமல், கையிருப்புத் தண்ணீர் சில வாரங்களுக்குத்தான் வரும் என்ற நிலைக்கு ஊர் போனது.

எரிந்தது யாருடைய இடம் என்பதும் முக்கியம். மோரா, சான் மிகேல் மாவட்டங்கள். மோராவில் மொத்தமே நாலாயிரம் பேர் சொச்சம்தான். ஸ்பானிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அதே நிலத்தில் இருக்கும் குடும்பங்கள், கையில் பணம் குறைவு, நிறைய பேருக்குக் காப்பீடு இல்லை. பல இடங்களில் நிலம் இன்னும் தாத்தா பேரிலோ கொள்ளுத்தாத்தா பேரிலோதான் இருக்கிறது, பங்கு பிரித்து எழுதியதே கிடையாது. மாடு மேய்ப்பது, விறகு வெட்டுவது, அப்புறம் அசெக்கியா என்று சொல்லப்படும் வாய்க்கால்களை நம்பிய விவசாயம். ஊரார் கூடித் தூர்வாரி, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் வாய்க்கால்கள் அவை. அதற்கென்று ஒரு பொறுப்பாளரை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். தீயும் வெள்ளமும் இந்த வாய்க்கால்களை மண்ணால் மூடிவிட்டன. வீடு எரிந்தால் மதிப்புப் போட்டுக் காசு தரலாம், மூதாதையர் வெட்டிய வாய்க்காலுக்கும் மலை முழுக்க நின்ற மரங்களுக்கும் எந்தக் கணக்கில் விலை போடுவது?

இங்கேதான் சட்டச் சிக்கல். "தீ வைத்தது அரசு, அரசு மீது வழக்குப் போட்டு வாங்க வேண்டியதுதானே" என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. மத்திய அரசு மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போட அனுமதிக்கும் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: அதிகாரிகள் தங்கள் விருப்புரிமைக்கு உட்பட்டு எடுத்த முடிவால் நேர்ந்த சேதத்துக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது. இந்த நாளில் இந்த இடத்தில் தீ வைக்கலாமா என்பது அப்படிப்பட்ட முடிவுதான் என்று அரசு வக்கீல் வாதாடினால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சரி, பேரிடர் நிவாரணம்? ஃபெமா என்கிற மத்திய பேரிடர் முகமை சாதாரணமாகக் கொடுக்கும் உதவி அந்த ஆண்டில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு வகையில் அதிகபட்சம் 37,900 டாலர். அது இழப்பை ஈடுகட்டக் கொடுப்பதே இல்லை, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கக் கொடுப்பது. ஆக, வீட்டைக் கொளுத்தியவர் கைவசம் வைத்திருக்கும் இரண்டு வாசல்களும் பாதிக்கப்பட்டவருக்கு அடைத்தோ அரைகுறையாகவோ கிடந்தன. தனியாக ஒரு சட்டம் போட்டால் ஒழிய வேறு வழியில்லை.

அந்தச் சட்டத்தைத்தான் லெஜர் பெர்னாண்டஸ் எழுதிக் கொண்டுவந்தார், 2022 மே மாதம், தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே. அங்கே ஒரு மசோதா சட்டமாக இரண்டு சபைகளிலும் நிறைவேற வேண்டும்; மேல்சபையான செனட்டில் அதே மாநிலத்தின் பென் ரே லுஹான் இணை மசோதாவைக் கொண்டுவந்தார். முன்னுதாரணமும் பக்கத்திலேயே இருந்தது. 2000-ஆம் ஆண்டு தேசியப் பூங்காத்துறை வைத்த இதே மாதிரித் தீ கைமீறி லாஸ் அலமோஸ் ஊரைச் சுட்டது, அணு ஆய்வுக்கூடம் இருக்கும் ஊர் அது. அதற்கு அந்த வருடமே தனி இழப்பீட்டுச் சட்டம் போட்டார்கள். படித்தவர்களும் விஞ்ஞானிகளும் இருந்த ஊருக்குக் கிடைத்த நியாயம் மோராவின் மலைக்கிராமங்களுக்குக் கிடைக்காமல் போயிருந்தால் அது பெரிய அநியாயமாக இருந்திருக்கும். பழைய சட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது புத்திசாலித்தனமான வேலை என்று நினைக்கிறேன். புதிதாக எதையும் கேட்கவில்லை, முன்னால் செய்ததையே எங்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்டால் மறுப்பது கஷ்டம்.

மறுக்கவில்லை என்றாலும் தானாக நகரவும் இல்லை. ஜூலை 29 அன்று காட்டுத்தீ, வறட்சி தொடர்பான ஒரு பெரிய மசோதாவோடு சேர்ந்து பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அந்த மசோதா செனட்டில் அப்படியே கிடந்துவிட்டது. பிறகு எப்படிச் சட்டமானது? செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அமெரிக்க அரசின் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் செலவு மசோதா நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் மூடப்படும். அதனால் அந்த மசோதாவை யாராலும் ஒதுக்கி வைக்க முடியாது. இந்தத் தீ இழப்பீட்டுச் சட்டத்தை அதற்குள் சேர்த்துவிட்டார்கள், 250 கோடி டாலரோடு. டிசம்பரில் வந்த ஆண்டுச் செலவு மசோதாவில் இன்னும் 145 கோடி. அதிலேயே லாஸ் வேகஸ் குடிநீர் நிலையத்துக்கு 14 கோடி. 2024 டிசம்பரில் இன்னொரு 150 கோடி. மூன்று முறையும் தனி மசோதாவாகப் போகவே இல்லை.

பணம் ஒதுக்கியதோடு பிரச்சினை தீரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டுவாடா செய்யும் பொறுப்பு ஃபெமாவிடம் போனது. அங்கே ஆரம்பத்தில் போட்ட விதிகளில், மரங்களை மீண்டும் நடுவதற்கான இழப்பீடு தீக்கு முன் அந்த வீடும் மனையும் இருந்த மதிப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. யோசித்துப் பாருங்கள், சிறிய வீடும் பெரிய காடும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி. நகரத்துப் புறநகர் வீட்டை மனதில் வைத்து எழுதிய விதி அது. ஊர்க்காரர்கள் கூட்டங்களில் எழுந்து சண்டை போட்டார்கள், மாநிலத்தின் உறுப்பினர்களும் அழுத்தம் கொடுத்தார்கள், 2023 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. கோரிக்கை வந்த 180 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தும், தாமதத்துக்காக மக்கள் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. மன உளைச்சல், வீட்டை இழந்த துயரம் மாதிரியான, ரசீது காட்ட முடியாத இழப்புகளுக்கும் ஈடு தர வேண்டும் என்று மத்திய மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் பிரௌனிங் தீர்ப்புச் சொன்னது 2024 டிசம்பரில்தான். தீ பிடித்து இரண்டரை வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது அப்போது. வயதானவர்கள் நிறைய இருக்கும் மாவட்டங்கள் அவை. தாமதம் என்பது அங்கே சிலருக்கு மறுப்பு என்றே ஆகியிருக்கும்.

இப்போது கருக்கலைப்புக்கு வருவோம்.

காலவரிசையைப் பாருங்கள். 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் வரைவுத் தீர்ப்பு கசிந்தது, அன்றைக்கு லாஸ் வேகஸ் ஊரின் ஓரத்தில் தீ நின்றுகொண்டிருந்தது. ஜூன் 24 அன்று தீர்ப்பே வந்தது: கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973-இன் ரோ வழக்குத் தீர்ப்பு ரத்து, இனி ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டம். ஜூலை 15 அன்று பிரதிநிதிகள் சபை, நாடு முழுக்க அந்த உரிமையைச் சட்டத்தால் பாதுகாக்கும் மசோதாவை இரண்டாவது முறையாக, 219-210 என்று நிறைவேற்றியது. இரண்டு வாரம் கழித்துத்தான் தீ மசோதாவுக்கான வாக்கெடுப்பு. லெஜர் பெர்னாண்டஸ் இரண்டுக்கும் ஆதரவு. ஆகவே அவர் இரண்டு தலைப்புகளைத் தேடிப் பிடித்துப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோடையில் அவர் தொகுதி மேல் இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன.

ஏன் அவர் தொகுதி மேல் என்று கேட்டால், வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே டெக்சாஸ். அங்கே 2021 செப்டம்பரிலிருந்தே ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு இல்லை, 2022-க்குப் பிறகு கிட்டத்தட்ட முழுத் தடை. நியூ மெக்சிகோவிலோ 1969-இன் பழைய தடைச் சட்டத்தை 2021 பிப்ரவரியிலேயே நீக்கிவிட்டார்கள், ரோ விழலாம் என்று முன்கூட்டியே யோசித்து. அதன் விளைவு, டெக்சாஸ் பெண்கள் எல்லை தாண்டி வர ஆரம்பித்தார்கள், ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நியூ மெக்சிகோவில் நடக்கும் கருக்கலைப்புகளில் பாதிக்கும் மேல் வெளிமாநிலத்தவருக்கு என்று ஆனது. டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், அவர்களுக்கும் இது வெளியூர்ச் செய்தி கிடையாது.

அதே தொகுதியின் கிழக்கு ஓரத்தில் குளோவிஸ் என்ற ஊர் இருக்கிறது, டெக்சாஸ் எல்லையை ஒட்டி, பழமைவாதிகள் அதிகம். அந்த ஊரும் ரூஸ்வெல்ட் மாவட்டமும் மாநிலச் சட்டத்தை மீறித் தாங்களே கருக்கலைப்புக்குக் கட்டுப்பாடு போடும் உள்ளூர் ஆணைகளை இயற்றின. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. ஆக இவர் பேசுவது எல்லோரும் ஒத்துப்போகும் தொகுதியில் இருந்துகொண்டு இல்லை. வடக்கு நியூ மெக்சிகோவிலும் கத்தோலிக்க மரபு ஆழமானது. கருவும் ஒரு உயிர்தான் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்கள் அங்கே நிறைய பேர், அவர்களை இளக்காரமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் கருத்து வேறு: சிக்கலான கர்ப்பத்தோடு நிற்கும் பெண்ணுக்கும் அவளுடைய மருத்துவருக்கும் நடுவில் சட்டமன்றம் போய் நிற்கக்கூடாது. காசும் லீவும் காரும் இருப்பவள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவாள், இல்லாதவள் மாட்டிக்கொள்வாள். தடைச் சட்டம் பணக்காரர்களை ஒரு நாளும் தடுத்ததில்லை.

சரி, மசோதா ஏன் சட்டமாகவில்லை? செனட். அங்கே பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவே 60 பேர் வேண்டும். 2022 மே 11 அன்று இந்த உரிமை மசோதாவுக்குக் கிடைத்தது 49. அறுபதை விடுங்கள், பாதிகூட இல்லை, ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினே எதிர்த்து வாக்களித்தார். அப்படியானால் தீ நிவாரணம் மாதிரி இதையும் செலவு மசோதாவில் சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சேர்த்தால் அந்தச் செலவு மசோதாவே விழும். காட்டுத்தீ நாளை எந்தக் கட்சிக்காரர் ஊரிலும் வரலாம், அதனால் நிவாரணத்துக்கு எதிராக நின்று அரசாங்கத்தையே மூட யாரும் துணிவதில்லை. கருக்கலைப்பு என்றால் துணிவார்கள், அவர்களுடைய வாக்காளர்கள் அதற்காகவே அவர்களை அனுப்பியிருக்கிறார்கள்.

இதைவிட ஒரு படி மேலே போகிறது நிலைமை. செலவு மசோதாவில் கருக்கலைப்பு பற்றிய ஒரு பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, எதிர்த் திசையில். ஹைட் திருத்தம் என்பார்கள், 1976-இல் வந்தது. மத்திய அரசுப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடக்கூடாது, பாலியல் வன்முறை, நெருங்கிய இரத்த உறவினரால் உண்டான கர்ப்பம், தாயின் உயிருக்கு ஆபத்து ஆகியவை மட்டும் விலக்கு. இது நிரந்தரச் சட்டம் கிடையாது, ஒவ்வொரு ஆண்டும் செலவு மசோதாவில் திரும்பத் திரும்ப எழுதப்படும் ஒரு வரி. 2021-இல் பிரதிநிதிகள் சபை தன் வரைவில் அதை எடுத்தே விட்டது, செனட்டோடு பேரம் முடிந்து இறுதி வடிவம் வந்தபோது மறுபடி உள்ளே வந்துவிட்டது. 2022 டிசம்பர் மசோதாவிலும் அப்படியே. ஆமாம், தீயில் எரிந்த மக்களுக்கு 145 கோடி டாலரும் அவர் சொந்த ஊரின் குடிநீருக்கு 14 கோடியும் கொடுத்த அதே மசோதா. அதற்கு ஆதரவாக வாக்களிக்காமல் அவரால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. வாக்களித்தார், ஹைட் திருத்தமும் அதோடு இன்னொரு வருடம் நீண்டது. இதைக் கொள்கையில் சமரசம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரிந்த மரத்துக்கும் குடிதண்ணீருக்கும் காத்திருக்கும் மக்களிடம் போய், ஒரு வரிக்காக மொத்தத்தையும் எதிர்த்துவிட்டேன் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த ஒரு வரி யாரைப் பாதிக்கிறது என்று பார்த்தால் மறுபடி அவர் தொகுதிக்கே வருகிறது. நியூ மெக்சிகோவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில், மாநிலம் தன் சொந்தப் பணத்திலிருந்து கருக்கலைப்புக்குச் செலவு செய்கிறது, 1998-இல் மாநில உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. ஆனால் பழங்குடி மக்களுக்கான சுகாதார சேவை மத்திய அரசு நடத்துவது. அங்கே ஹைட் திருத்தம் முழுசாகப் பொருந்தும். நவாஹோ நிலத்தின் ஒரு பகுதியும் பல புவெப்லோ பழங்குடிக் கிராமங்களும் இவர் தொகுதியில் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஒரே மருத்துவமனை அந்தச் சேவையுடையது என்றால், கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் மாநிலத்தில் இருந்துகொண்டே ஒரு பழங்குடிப் பெண் நூறு மைல் தள்ளிப் போக வேண்டியிருக்கும். 2021, 2022-இல் பழங்குடியினர் விவகாரத் துணைக்குழுவின் தலைவராக இருந்தவர் லெஜர் பெர்னாண்டஸ். 2025-இலிருந்து சபையின் ஜனநாயகக் கட்சிப் பெண்கள் குழுவுக்குத் தலைவர்.

அதனால் "இரண்டுக்கும் என்ன சம்பந்தம்" என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: மோராவில் எரிந்த நிலத்தின் பட்டா கொள்ளுத்தாத்தா பேரில் இருப்பதால் படிவத்தை நிரப்ப முடியாமல் நிற்பவரும், காருக்குப் பெட்ரோல் போடக் காசில்லாமல் மருத்துவமனைக்குப் போக முடியாமல் நிற்பவரும் பெரும்பாலும் ஒரே வகைக் குடும்பத்து ஆட்கள்தான். இருவருக்கும் உரிமை தாளில் இருக்கலாம், கைக்கு வர வாஷிங்டனில் ஒரு விதியோ ஒரு வரியோ மாற வேண்டும்.

இனி என்ன பார்க்க வேண்டும் என்றால், உரிமை மசோதா வர இரண்டு சபையிலும் பெரும்பான்மையும், செனட்டின் 60 விதியில் மாற்றமும், கையெழுத்துப் போடும் அதிபரும் சேர்ந்து அமைய வேண்டும். அது எப்போது அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹைட் திருத்தம் அப்படியில்லை, வருடா வருடம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் சுகாதாரத் துறைக்கான செலவு மசோதாவின் வரைவு வெளியாகும்போது அந்தப் பிரிவு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். 2023-இலிருந்து அவர் விதிகள் குழுவிலும் இருக்கிறார், சபையில் எந்த மசோதாவுக்கு எந்தத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வரலாம் என்று முடிவு செய்யும் குழு அது. சிறுபான்மைக் கட்சியாக இருக்கும்போது அங்கே பெரிதாக எதுவும் செய்ய முடியாது. சபை கை மாறினால், அந்த வரிக்கான சண்டை அந்தக் குழுவின் மேஜைக்குத்தான் வரும்.